தெரியாது என்ற கட்டம்

ஏழைக் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்தே நான் பேராசிரியர் ஆனேன். அந்தக் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனக்குப் பாளையங்கோட்டையில் மாடி வீடு இருக்கிறது.

ஒருமுறை, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண்களுக்கு ‘நிதி அறிவு’ எவ்வளவு என்று அளக்கக் கிளம்பினோம். வினாத்தாளைத் தயாரித்தவர் டெல்லியில் இருந்த என் கூட்டாளி. வாழைக்காயைத் தட்டில் வறுவலாக மட்டும் கண்டவர். நான் தமிழாக்கிக் கொடுத்தேன், அடக்க ஒடுக்கமாக.

வாழைத்தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரப்பில் உட்காரவைத்து, தாளில் இருந்ததை வாசித்தேன்.

“நூறு ரூபாயை வங்கியில் போட்டு ஐந்து ஆண்டுகள் எடுக்காமல் இருந்தால், வட்டியோடு எவ்வளவு கிடைக்கும்?”

“அஞ்சு வருசம் எப்பிடி எடுக்காம இருக்க? போன மாசம் எம் மக வயித்துவலின்னு படுத்துட்டா. எடுத்துத்தான ஆவணும்?”

“எடுக்கலைன்னு வச்சுக்கிடுங்க.”

“எப்பிடி வச்சுக்கிட? பிள்ளைய அப்பிடியே கெடன்னு விட்டுட்டா?”

அந்தப் பதிலுக்குத் தாளில் இடமில்லை. ‘தெரியாது’ என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

“நீங்க எங்கன போட்டு வச்சிருக்கீய சார்?” என்று அவள் கேட்டாள். திருநெல்வேலியில் ஒரு நிதி நிறுவனம், வங்கியைப்போல மூன்று மடங்கு வட்டி என்று பெருமையாகச் சொன்னேன்.

“அம்புட்டு வட்டி குடுக்கானா? அவன் என்ன தொழில் செய்யுதான்?”

எனக்குத் தெரியவில்லை. “முதலீடு” என்றேன். அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுக் களை வெட்டப் போய்விட்டாள்.

இப்பகுதிப் பெண்களுக்கு அடிப்படை நிதி அறிவே இல்லை என்று எங்கள் கட்டுரை வெளியானது. பதவி உயர்வு வந்தது, பொன்னாடை வந்தது. சில மாதங்களில் அந்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. என் சேமிப்பில் பாதி போயிற்று. புகார் கொடுக்க வரிசையில் நின்றேன். எழுதிக்கொண்டிருந்த காவலர் என்ன வேலை என்று கேட்டார்.

“பொருளாதாரப் பேராசிரியர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்களுமா சார்?”

அன்றே கூட்டாளிக்குத் தொலைபேசி செய்து, ‘தெரியாது’ என்று குறித்ததெல்லாம் தப்பு, கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றேன். “ஒரு பெண் சொன்னது தரவு ஆகாது” என்றார். மற்றப் பெண்கள் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவே இல்லை. அவரை எப்படி மறுப்பது?

அதற்குள் அந்தக் கட்டுரையை நம்பி ஓர் அறக்கட்டளை ஸ்ரீவைகுண்டத்தில் நிதி அறிவு வகுப்பு ஆரம்பித்தது. தொடங்கிவைக்க என்னை அழைத்தார்கள். கல்யாண மண்டபம் நிறையப் பெண்கள். நான் எழுந்து, “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதுனது நான்தான். அது பொய். ஏமாந்து பணத்த விட்டவனும் நான்தான்” என்றேன். அமைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறை.

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “அப்பம் நாங்க போலாமா சார்? இன்னைக்குக் கூலி போச்சு.”

அனுப்பவில்லை. சாயங்காலம்வரை உட்காரவைத்து, சேமிப்பின் அவசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. என் மாணவர்கள் அதைத் தேர்வில் மேற்கோள் காட்டுகிறார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று நானும் முழு மதிப்பெண் போடுகிறேன்.