இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாவெர்ன் டூஷல் தன் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஆர்டெல் குவாமுக்குக் காபி கசந்தது. அந்தச் சத்தம்தான் காரணம். கியர் டிராக்டர் உறுமும். கியர் மாற்றும் இடத்தில் ஒரு மூச்சு விட்டு மறுபடி உறுமும். லாவெர்னின் புது டிராக்டர் மூச்சே விடுவதில்லை. முன்னால் போகும், நிற்கும், பின்னால் வரும். ரீங்காரம் மட்டும் அறுபடாது.

"ஹைட்ரோ," என்பார் ஆர்டெல், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது போல.

விஸ்கான்சினில், டன் கவுன்டியில் பிறந்து அங்கேயே நாற்பது வருடம் சீஸ் ஆலையில் பாய்லர் பார்த்தவர் அவர். கல்யாணமான வருடம் வாங்கிய தோட்ட டிராக்டரைத்தான் இன்னும் ஓட்டினார். முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்று. கோடையில் புல் வெட்ட, குளிரில் வாசல் பனியைத் தள்ள, செப்டம்பரில் ஒரே ஒரு நாள் உழவு.

"இஞ்சின் பல்லைப் பிடிக்கணும், பல்லு சக்கரத்தைப் பிடிக்கணும். நடுவுல எண்ணெய்க்கு என்ன வேலை?" இதை அவர் சொல்லாத இடமே ஊரில் கிடையாது.

அவர் சொன்னதில் தவறில்லை. ஹைட்ரோவில் இஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய்தான் சக்கரத்தைச் சுற்றவைக்கும். பதினாறு குதிரைச் சக்தி உள்ளே போனால் மூன்று நான்கு சூடாகிக் காற்றில் போய்விடும். உழவுக்குக் கியர்தான் சரி. ஆனால் உழவு வருடத்தில் ஒரு நாள். புல் இருபத்தாறு நாள். பனி நாற்பது நாள், அதுவும் முன்னும் பின்னுமாக, நிமிடத்துக்கு நான்கு தரம் கிளட்சை மிதித்து. இந்தக் கணக்கை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காலத்தில் புல் வெட்டுவது அவர் மனைவி மார்லிஸின் வேலை. வேலை என்று அவள் சொன்னதில்லை, "என் ஒரு மணி நேரம்" என்பாள். இடது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆன பிறகு அவளால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஆறு வருடமாக ஆர்டெல்தான் வெட்டினார். அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள்.

ஜூன் மாதம் ஒரு மாலை, தபால் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுக்கும்போது எதிர்ப்பக்கத்துப் பேச்சு அவர் காதில் விழுந்தது.

"ஏறிப் பாரேன் மார்லிஸ். கடிக்காது."

"கிளட்ச் எங்க இருக்கு?"

"கிளட்ச்சே கிடையாது. இந்த லீவர்தான். முன்னால தள்ளு, போகும். இழு, பின்னால வரும். இடது காலை வீட்டுலயே வெச்சுட்டு வரலாம்."

மார்லிஸ் ஆப்பிள் மரத்தைச் சுற்றினாள். பின்னால் வந்தாள். மறுபடி சுற்றினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆர்டெல் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கடிதங்கள் கையில் கசங்கின. 1969-இல் மார்லிஸைப் பள்ளி நடனத்துக்கு அழைத்துப்போனது லாவெர்ன். ஒரே ஒரு நடனம்தான். நாற்பத்தைந்து வருடமாக நினைவுக்கு வராத விஷயம். லாவெர்னின் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இரவுச் சாப்பாட்டில் கேட்டார்: "ஜோரா ஓட்டினியாமே?"

"ஓட்டினேன். ஆறு வருஷம் கழிச்சு புல்லு வெட்டினேன்."

"நம்ம வீட்டுப் புல்லு இல்லையே."

"நம்ம வீட்டு வண்டி என்னை ஏத்திக்க மாட்டேங்குதே, ஆர்டெல்."

அவர் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் பிசைந்தார். அது ஏற்கெனவே பிசைந்துதான் இருந்தது. அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் மார்லிஸ் ரோட்டைக் கடந்து போய் லாவெர்ன் வீட்டுப் புல்லை வெட்டினாள்.

செப்டம்பரில் உழவு நாள். அறுவடை முடிந்த சோளக்காட்டில் நாற்பது சின்ன டிராக்டர்கள், ஆளுக்கொரு ஒற்றைக் கலப்பை. முதல் சால், அதாவது கலப்பை கிழிக்கும் முதல் கோடு, ஒருவர் பொறுப்பு. மற்றவர்கள் அதை ஒட்டியே உழுவார்கள். முதல் சால் கோணினால் நிலம் முழுக்கக் கோணும். பதினொரு வருடமாக முதல் சால் ஆர்டெலுடையது. இந்த வருடம் உழவு நாளை நடத்தும் சங்கத்தார் நிலத்தை இரண்டாகப் பிரித்து, மறுபாதியின் முதல் சாலை லாவெர்னுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆர்டெலின் சால் நூல் பிடித்தது போல விழுந்தது. நடுவில் ஈரக் களிமண் வந்ததும் லாவெர்னின் ஹைட்ரோ முனகிக்கொண்டு நின்றேவிட்டது. ஆர்டெலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மார்லிஸ் பார்த்தாளா என்று வேலிப் பக்கம் திரும்பினார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், லாவெர்னை. "கலப்பையைக் கொஞ்சம் தூக்கு லாவெர்ன்! மெதுவா!" என்று கையை ஆட்டினாள்.

ஆர்டெல் கலப்பையை மண்ணிலிருந்து எடுக்காமலே மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டார். புதிதாகக் கற்றுக்கொள்பவன் கூடச் செய்யமாட்டான். உள்ளே ஏதோ உடைந்தது. நாற்பது வருடம் பாய்லர் பார்த்தவருக்கு இரும்பு உடையும் சத்தம் தெரியும்.

லாவெர்ன் நடந்து வந்து குனிந்து பார்த்தார். "பல்லு போச்சாப்பா?"

"உன் வாயில எத்தனை பாக்கின்னு எண்ணிட்டு வந்து கேளு."

லாவெர்னின் டிரெய்லரில்தான் வண்டி வீடு வந்தது. அந்த ரோட்டில் வேறு டிரெய்லர் கிடையாது.

அக்டோபரில் வேறு வண்டி வாங்கப் பழைய சாமான் ஏலத்துக்குப் போனதும் அதே டிரெய்லரோடுதான். மார்லிஸும் வந்தாள். அங்கே இரண்டு தோட்ட டிராக்டர்கள் நின்றன. ஒன்று கியர், அவருடையதன் மறுபிறவி போல. ஆர்டெல் அதில் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச் காலுக்கு அப்படியே பொருந்தியது. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். லாவெர்னிடம் இருப்பதைத் தான் வாங்குவதா?

மற்றது ஹைட்ரோ. மார்லிஸ் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. தூரத்தில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊறுகாய் ஜாடிகள் வைத்திருந்த மேசையைப் பார்த்து நின்றாள். அவளுக்கு ஜாடி தேவையில்லை. வீட்டில் அறுபது இருக்கிறது.

கேட்கவே கூடாது என்று நிற்கிறாள். இந்தக் கியர் வண்டியை வாங்கினால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் சிரிப்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

கியர் வண்டி ஏலத்துக்கு வந்தது. ஆர்டெல் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. அடுத்து ஹைட்ரோ. கையைத் தூக்கினார்.

லாவெர்ன் திரும்பிப் பார்த்தார். "தப்பான வண்டிக்குத் தூக்கிட்டடா!"

"அந்தக் கியர் வண்டியில டயர் சரியில்ல."

"டயர் புதுசுடா."

"வாயை மூடு, லாவெர்ன்."

வீட்டு வாசலில் டிரெய்லரிலிருந்து இறக்கி ஆர்டெலே ஓட்டினார். நேராகக் கொட்டகை, வழியில் மார்லிஸ் இனிப்புப் பண்டத்துக்காக வளர்க்கும் ரூபார்ப் பாத்தி. பாத்திக்கு முன் திரும்ப வேண்டும். அதற்கு வேகம் குறைய வேண்டும். இடது கால் தானாகவே கிளட்சை மிதித்தது. அங்கே வெறும் தகடு. இன்னும் பலமாக மிதித்தார். வண்டி ரூபார்ப்பை ஏறி மிதித்துக்கொண்டு துணி காயப்போடும் கம்பத்தைப் பார்த்துப் போனது.

"நிறுத்து ஆர்டெல்! நிறுத்து!"

"நிறுத்திக்கிட்டுதான் இருக்கேன்!"

"லீவரு! லீவரைப் பிடி!"

கம்பத்தில் இடித்து நின்றது. மார்லிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். "என் ரூபார்ப்பு," என்றாள், மறுபடி சிரித்தாள்.

ஆர்டெல் ரோட்டைப் பார்த்தார். லாவெர்ன் காலி டிரெய்லரின் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றார். கேலி பேசக் கிடைத்த இப்படியொரு வாய்ப்பை அவர் என்றைக்கும் விட்டதில்லை. இன்று விட்டுவிட்டார். அந்த முகம் என்ன முகம் என்று ஆர்டெலுக்குத் தெரியும். நான்கு மாதமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தது அது.

"காபி இருக்கு, வா," என்று கூப்பிட்டார் ஆர்டெல்.

"இல்ல. புல்லு வெட்டணும்," என்றார் லாவெர்ன்.

அதன் பிறகு மார்லிஸ் எட்டுக் கோடைகள் தன் வீட்டுப் புல்லை வெட்டினாள். ஆர்டெல் எட்டுக் குளிர்காலம் பனி தள்ளினார். ஹைட்ரோ நல்லது என்று கடைசிவரை ஒரு தரம் கூடச் சொல்லவில்லை.

அவர் போன மார்ச்சில் இறந்தார். வண்டியைக் கழுவியபோதுதான் மார்லிஸ் பார்த்தாள்: இடது கால் வைக்கும் தகட்டில் ஓரிடத்தில் பெயின்ட் தேய்ந்து போயிருந்தது. இரும்பு பளபளவென்று தெரிந்தது. நான்கு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். ஒரு முன்பாதத்தின் அளவு. அந்த இடத்தில் பெடல் எதுவும் கிடையாது.