பொருந்தாத தோட்டா

அந்த அறையில் அப்பா, அம்மா, நான், பக்கத்து வீட்டு அந்தோணி மாமா நால்வரும் இருந்தோம். ஊரின் மறுகோடியில் பீன்யா கம்பெனிக்கு ஷிப்டு போன அண்ணன் மட்டும் இல்லை. காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களைத் தேடித் தேடி அடித்து பெங்களூர் எரிந்த அந்த டிசம்பரில், மர்பி டவுன் வீட்டின் ஒரே ஜன்னலையும் சாத்திவிட்டு, துப்பாக்கி எண்ணெய் வாசத்தையே மூச்சாக இழுத்துக்கொண்டு அடைந்து கிடந்தோம்.

அப்பா ஒரு நகைக்கடையில் "கன்மேன்", துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் காவல்காரர். சொந்த லைசென்ஸில் சொந்த ரைபிள் வைத்திருப்பவருக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். ஆனால் தோட்டாக்களைத் தினமும் முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆகவே ரைபிள் வீட்டில் இருந்தது, தோட்டா ஊரடங்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. அண்ணனைத் தேடி வெறும் துப்பாக்கியோடு போகத் துணியாமல் அப்பா கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்தார்.

அந்தோணி மாமா, மிலிட்டரியில் இருந்த தன் தகப்பனார் விட்டுப்போன தோட்டா ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "த்ரீ நாட் த்ரீ" என்றார், அதாவது முன்னூற்று மூன்று. அங்கே இருந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லைசென்ஸை வாசித்து, முன்னூற்றுப் பதினைந்து என்றேன்.

"அப்ப இது சின்னதுதானே அண்ணே, தாராளமா போகும்."

குண்டின் பருமன் மட்டும் போதாது, தோட்டாவின் நீளமும் ஒத்துவர வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும், சாத்திய கதவையே அம்மா பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தோட்டாவை உள்ளே விட்டார். பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூடவில்லை. அழுத்தினார். தோட்டா முன்னும் போகாமல் பின்னும் வராமல் இறுகிக்கொண்டது.

சற்று நேரத்தில் தெருவில் போலீஸ் வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மாலைக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். எங்கள் ரைபிளுக்குள்ளோ, சாதாரண ஆள் வைத்திருக்கவே கூடாத சர்க்கார் தோட்டா. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்கலாமா என்று மாமா கேட்டார்.

"வெடிச்சா ஓடுறதுக்குக்கூட இங்க எடமில்ல," என்றாள் அம்மா. "அப்படியே கொண்டுபோய் குடுத்துருங்க."

அப்பா ரைபிளைத் துணியில் சுற்றினார். "எங்கிட்ட இருந்ததுன்னே சொல்லிக்கிறேன் அந்தோணி. நீ வீட்டுக்குப் போ."

மறுநாள் அண்ணன் ரயில் தண்டவாளத்து ஓரமாகவே நடந்து வந்து சேர்ந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்பாதான் வீட்டில் இல்லை.

இன்று அப்பாவைப் போன்ற காவலர்களுக்குக் கம்பெனியே துப்பாக்கி தருகிறது. நாங்கள் இருந்த வரிசை வீடுகளை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ஜாமீன், வக்கீல், ரத்தான லைசென்ஸ், திரும்பி வராத ரைபிள் என்று எல்லாம் சேர்த்து, மாதம் எண்ணூறு சம்பளம் வாங்கிய அப்பாவுக்கு அந்த ஒரு தோட்டாவால் ஆன செலவு முப்பத்தோராயிரம் ரூபாய்.