என் டிஸ்க்கை மதிக்காத கன்சோல்

திருவொற்றியூர் மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: என் நண்பன் தினேஷ் வீட்டு கேம் கன்சோலுக்கு என் அருமை புரியவில்லை.

பழைய ஃபுட்பால் கேமைப் பிரித்து, எங்கள் தெருப் பையன்களின் பெயர்களைப் போட்டு, மறுபடி சேர்த்து டிஸ்க்கில் ஏற்றியிருந்தேன். லேப்டாப்பில், கன்சோல் மாதிரியே நடிக்கும் எமுலேட்டர் சாஃப்ட்வேரில் அருமையாக ஓடியது.

இன்று மொத்தத் தெருவும் பார்க்க, கன்சோலில் போட்டேன். வெறும் கறுப்புத் திரை.

"இன்னா மாமு, கரண்ட் போன கிரவுண்டா?" என்றான் தினேஷ்.

"டிஸ்க்கு சூப்பரா கீது. உன் டப்பாவ சாத்தாங்காடு இரும்புக் கடைல எடைக்குப் போடு" என்றேன்.

அவன் ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டான். ஜம்மென்று ஓடியது.

வீட்டுக்கு வந்து எமுலேட்டர் செட்டிங்கைத் திறந்தேன். 'டிஸ்க்கில் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே' என்பதில் டிக். எரர் தொல்லை தாங்காமல் போன வாரம் போட்டது நான்தான்.

இந்தப் பதிவைத் தினேஷிடம் யாரும் காட்டாதீர்கள். மற்றபடி கமெண்டில் திட்டலாம்.