முன் சக்கரத்தில் இரண்டு குழிகள்

என் மேசையின் மேல் ஒரு சிறிய கார் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் சரியில்லை. டயர் இல்லாத லொறியைக் கல் அடுக்கித் தூக்கி நிறுத்துவது போல, அதன் முன்பக்கம் இரண்டு தீப்பெட்டிகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நீளம் ஆறு அங்குலம், கூரை வரை உயரம் ஒன்றே முக்கால். இடது பக்க முன் டயரில் இரண்டு குழிகள் இருக்கின்றன. வெளிப்புறம் ஒன்று, அதற்கு நேர் எதிரே உட்புறம் ஒன்று. வெளியே இருப்பது பெரிது, உள்ளே இருப்பது சிறிது. வீட்டுக்கு வருகிறவர்கள் எலி கடித்துவிட்டதா என்று கேட்கிறார்கள். எலி இல்லை. பெரியது என் மனைவியின் கட்டைவிரல், சிறியது ஆட்காட்டி விரல்.

இலங்கையில், எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவள் மருத்துவிச்சியாக இருந்தாள். தோட்டம் முழுவதும் அவளை ‘மிஸ்ஸி’ என்றே அழைத்தது. கலியாணத்துக்குப் பிறகு நானும் அப்படியே அழைக்கப் பழகிவிட்டேன். நான் அதே தோட்டத்தின் பெரிய கிளாக்கர், கணக்குப் பார்க்கிறவன். வாளியில் வரும் ரப்பர் பாலில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்தால் மிஞ்சும் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பதிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொடியில் காயும் உடுப்பையும் எண்ணுவேன், அப்பத்தையும் எண்ணுவேன். எண்ணாவிட்டால் ஏதோ குறைந்துவிட்டது போல மனம் அரிக்கும்.

மிஸ்ஸி எண்ணவே மாட்டாள். இதுவரை எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கியிருப்பாய் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

“புள்ளைய எண்ணக் கூடாதுங்க. எண்ணுனா கண்ணு பட்டுரும்,” என்பாள். “பாலை எண்ணுங்க, ரப்பர் ஷீட்டை எண்ணுங்க, யாரு வேணாங்கறா? புள்ளைய உட்டுருங்க.”

வலி கண்ட பெண்ணை டிராக்டர் பெட்டியில் ஏற்றி, மழைக்கு ரப்பர் விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவள் போய் வந்திருக்கிறாள். பாதி வழியில், வண்டியை ஓரங்கட்டி, ரப்பர் மரத்தடியில் பிறந்த பிள்ளைகளும் உண்டு. நான் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவளிடம் சொன்னதில்லை.

இருவரும் ஓய்வு பெற்று, குவாட்டர்ஸைக் காலி செய்து, டவுன் ஓரத்தில் இந்தச் சிறிய வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. கொஞ்ச நாளில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. கை தூக்கும், மடங்கும், ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. இடையில் அரை அங்குலம் நிற்கும். உப்பைக் கிள்ளிப் போட முடியாது, பொத்தான் பூட்ட முடியாது. எத்தனையோ தொப்புள்கொடிகளுக்கு முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. அவள் அழவில்லை. அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொள்ளத் தொடங்கினாள். அக்கம்பக்கத்தில் பிள்ளை பிறந்தால் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த சிங்களப் பெண்பிள்ளை, விரல் சேருவதற்குப் பாசிமணி கோக்கச் சொன்னது. வரும் வழியில் பஸ்ஸிலேயே நான் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

“நான் என்ன புள்ளமடுவத்துப் புள்ளையா, பாசி கோத்து வெளையாட?” என்று, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தைச் சொல்லி, அதை அப்படியே என் மடியில் போட்டுவிட்டாள்.

நான் விடவில்லை. காலையும் மாலையும் எதிரே உட்கார்ந்து, “ம், சேரு. ஒண்ணு. இன்னும் கொஞ்சம். ரெண்டு,” என்று எண்ணினேன். நான் எண்ண எண்ண அந்த விரல்கள் விறைத்துக்கொண்டன. மூன்றாம் எண்ணிக்கையில் அவள் கையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். நான் முன்னேற்றம் ஒரு நூல் அளவுகூட இல்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெட்டியைக் கண்டெடுத்தது அவள்தான். மகன் கப்பலில் என்ஜின் அறையில் வேலை செய்கிறான். முதல் பயணத்தில் ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்து, பிரிக்காமலே அலுமாரி மேல் போட்டுவிட்டுப் போன பெட்டி. மூடியில் தீச்சுவாலை வரைந்த ஒரு சிவப்புக் கார். உள்ளே நான்கு சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. நான் எண்ணி முடிக்கும்போதே அவள் இடது கையால் ஒரு சக்கரத்தைத் திருகி எடுத்துவிட்டாள்.

அதன் பெயர் ஹொட் ரொட் என்று மகன் தொலைபேசியில் விளங்கப்படுத்தினான். அமெரிக்காவில் பொடியன்கள் பழைய கார் ஒன்றை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பொனட்டைக் கழற்றி எறிந்து, பெரிய என்ஜினை வெளியே தெரியும்படி பூட்டி ஓட்டுவார்களாம். ஒருவனுடையது போல இன்னொருவனுடையது இருக்கக் கூடாதாம். மாதிரிக் கார் செய்கிறவர்களும் பெட்டியில் வந்தபடியே ஒட்டமாட்டார்களாம். பாதியைத் தாங்களே செய்து பொருத்துவார்களாம்.

“அப்ப தாள்ல போட்டிருக்கற மாதிரி செய்யத் தேவல்லியா?” என்று கேட்டாள்.

“தேவல்லம்மா. ஒங்க இஷ்டம்.”

“ஒங்கப்பாவுக்கு இது ஆகாதே!” என்று சிரித்தாள். ஆகவில்லைதான். தாளில் ஒன்று முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை வரிசையாகப் போட்டிருக்கும்போது, எதற்காக அதை விட்டு விலக வேண்டும்?

முதல் சண்டை ஸ்டியரிங்கில் வந்தது. அமெரிக்கக் கார், ஸ்டியரிங் இடது பக்கம். அவள் அதை வலது பக்கம் மாற்றச் சொன்னாள்.

“அது அந்த நாட்டு வண்டி, மிஸ்ஸி. அப்படித்தான் இருக்கும்.”

“இருக்கட்டும். ஓடப்போறது எஹலியகொட ரோட்டுல. எதுருல பஸ் வந்தா எட்டிப் பாக்கறது எப்படி?”

டேஷ்போர்டை அறுத்து, கோடு போடும் பழைய அடிமட்டத்திலிருந்து ஒரு புதிய பலகை வெட்டினேன். ஸ்டியரிங் தண்டு போகும் வழியில் என்ஜினின் புகைக்குழாய் குறுக்கே நின்றது. பெட்டியில் வந்த குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, தீர்ந்துபோன பேனாக் குச்சிகளை மெழுகுவர்த்திச் சூட்டில் வளைத்து எட்டுக் குழாய்கள் செய்தோம். வளைத்தது நான், எங்கே வளைய வேண்டும் என்று சொன்னது அவள். அவளுடைய பிரஷர் மாத்திரை அட்டையின் குமிழ்களை வெட்டி முன்விளக்குக் கண்ணாடி ஆக்கினோம். ஸ்டியரிங் வளையத்துக்குச் செப்புக் கம்பியைப் பென்சிலில் சுற்றி எடுத்தோம். எல்லாவற்றிலும் அவளுக்கு இடது கைதான். வலது கை மேசையில் ஓரமாக, விருந்தாளி போல இருக்கும். என்ன காரணமோ, நான் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தேன். குழாயை எண்ணவும் துண்டை அளக்கவும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுதான் காரணமாக இருக்கும்.

பிறகு டயர். பெட்டியில் வந்த நான்கும் ஒரே அளவு. மகன் அனுப்பிய படங்களில் முன் சக்கரம் சிறிது, பின் சக்கரம் பெரிது.

“நம்ம டிராக்டர் மாதிரி!” என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. “முன் டயர் ரெண்டும் நாமளே ஊத்துவோம். ரப்பர் தோட்டத்து ஆளு டயருக்குக் கடைக்கா போவாங்க?”

பழைய தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவரிடம் ஒரு ஜாம் போத்தல் பால் வாங்கி வந்தேன். சக்கரத்தை மூன்று முறை அளந்தேன். மருந்து மூடியைச் சுற்றிக் களிமண் அச்சு எடுத்தேன், மயிரிழை பிசகாத அச்சு. கறுப்பு நிறத்துக்கு, பிள்ளைகளுக்குக் கண்மை கூட்டுவது போல, விளக்கில் கரி பிடித்துக் கலந்தாள் அவள். இரண்டு சொட்டு அசிட் விட்டதும் பால் உறைந்தது. அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், டயர் சக்கரத்தில் ஏறவே இல்லை. சுருங்கிப் பாதியாகி இருந்தது.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பால்ல மூணுல ரெண்டு பங்கு தண்ணின்னு ஒரு பெரிய கிளாக்கர் இருந்தாரே, அவருகிட்டக் கேட்டிருக்கலாமில்ல?”

ஆயுள் முழுவதும் கணக்குப் பார்த்த தண்ணீரை மறந்து அச்சு எடுத்திருக்கிறேன்! அவள் கோணிய வாயோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுருங்கிய டயரை வலது கையின் மோதிர விரலில் போட்டுக்கொண்டு, “அறுபதாங் கலியாணத்துக்குச் செய்யாத மோதரம்,” என்று அன்று முழுவதும் திரிந்தாள். சேலைத் தலைப்புக்குள் ஒளிந்திருந்த கையை அவள் வெளியே நீட்டி நீட்டிக் காட்டியது அன்றைக்குத்தான்.

இரண்டாவது அச்சைப் பெரிதாக எடுத்தேன், சுருக்கத்துக்கு இடம் விட்டு. இந்த முறை கரி சரியாகக் கலக்கவில்லை, டயர் கருந்தவிட்டு நிறத்தில் வந்தது. நடுவில் இன்னும் வெள்ளை இருந்தது. முழுக்கக் காய இன்னும் நான்கு நாள் ஆகும், அதுவரை தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

மறுநாள் காலை, “மாலு! மாலு!” என்று மீன்காரர் சைக்கிளில் வந்தார். சாளை மீன் அரைக் கிலோ. தராசு முள் நடுவுக்கு வரவில்லை என்று நான் சொன்னேன், வந்துவிட்டது என்று அவர் சொன்னார். நான் தமிழிலும் சிங்களத்திலும் வாதாடி, கடைசியில் ஒரு மீன் கூடுதலாக வாங்கிக்கொண்டு வெற்றியோடு உள்ளே வந்தேன். மேசை மேல் சக்கரம் இருந்தது. சக்கரத்தில் டயர் ஏறியிருந்தது.

“காயாத டயரை யாரு போட்டது? இங்க பாரு, ரெண்டு பக்கமும் குழி விழுந்திருச்சு. கெட்டுப் போச்சு!”

அவள் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இடது கை, சக்கரம் கோத்த தண்டைப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்டை ஒரு கை பிடித்திருந்தால், டயரை இழுத்து ஏற்ற இன்னொரு கை வேண்டும். அதுவும் இறுக்கிக் கிள்ளிப் பிடிக்கிற கை.

“எந்தக் கையால போட்ட?”

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் நுனிகளில் கரி ஒட்டியிருந்தது.

“ரெண்டு வெரலும் சேந்துச்சா?”

“சேராமயா டயர் ஏறுச்சு?”

“இன்னொரு தடவ செஞ்சு காட்டு, மிஸ்ஸி.”

“போங்க, போங்க. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணவா? மீனைக் கொண்டாங்க, நாறுது.”

அன்று அவள் மீனை ஆய்ந்ததை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். பார்க்காதது போல நின்று பார்த்தேன். விரல்கள் சில தரம் சேர்ந்தன, சில தரம் நழுவின. எத்தனை என்று எனக்குத் தெரியாது. முதல் தரம் சேர்ந்தபோது நான் மீனை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை பழைய கை ஆகவில்லை. ஆனாலும் போதுமானதாக ஆனது. ஸ்டியரிங் வளையத்தை அவளே வலது கையால் பொருத்தினாள். பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, யாரும் அழைக்காமலே புறப்பட்டுப் போனாள். டயருக்குப் பிடித்த கரியில் மிஞ்சியதை எண்ணெயில் குழைத்து எடுத்துக்கொண்டு போய், பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைத்து, அந்த இரண்டு விரலாலும் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். நான் வேலி ஓரம் நின்றிருந்தேன். திரும்பி வரும்போது தலைப்பு அவள் தோளில் இருந்தது, கை வெளியே வீசிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். மறுபடியும் அதே நோய்தான், இந்த முறை காத்திருக்கவில்லை.

மகன் போன மாதம் லீவில் வந்தான். காரைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் பார்த்தான். என்ஜினில் வேலை செய்கிறவன், குறை கண்ணில் படாமல் போகாது.

“அப்பா, இது வேக வைக்காத ரப்பர். வெயிலுக்கு இளகும். இப்பவே மேசைக் கண்ணாடில ஒட்டுது பாருங்க. பெட்டியில உள்ள டயரப் போட்டுருவோமா? இது கொஞ்ச நாள்ல உருகிப் போயிரும்.”

எனக்குத் தெரியாத விஷயமா? ரப்பர் எப்போது இளகும், எப்போது நாறும், எப்போது குப்பையில் போகும் என்பதெல்லாம் நான் சம்பளம் வாங்கிச் செய்த வேலை. பெட்டியின் நான்கு டயர்களில் முன்னால் போட வேண்டிய இரண்டும் அலுமாரியில்தான் இருக்கின்றன. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவன் வற்புறுத்தவில்லை. போவதற்கு முன் அடுக்களையிலிருந்து இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து வந்து முன் அச்சுக்கு அடியில் வைத்தது அவன்தான்.

“பாரம் விழாம இருந்தா இன்னும் கொஞ்ச காலம் நிக்கும்பா. ஒரே பக்கமா தொங்காம அப்பப்ப சக்கரத்தத் திருப்பி விடுங்க.”

அப்படியே செய்கிறேன். இன்று காலையும் திருப்பினேன். குழி விழுந்த இடம் மேலே வந்து ஜன்னலுக்கு நேராக நின்றது. அந்த இடத்தில் ரப்பர் மிகவும் மெலிந்திருக்கிறது. இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு தாள் அளவுதான் மிஞ்சியிருக்கும். வெளிச்சம் அதன் வழியே பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறத்தில் உள்ளே வந்தது. அளப்பதற்கு மேசை லாச்சியில் கருவி இருக்கிறது. லாச்சியைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.