நெஞ்சிலிருந்து தீனி வாங்கும் பெட்டி

என் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. நெஞ்சு துடிக்கப் பிந்தினால் அது தட்டிக்கொடுக்கும். வைத்து ஒன்பது வருடம். சென்ற மாதம் கிளினிக்கில், பற்றரி முடியப்போகிறது, மூன்று மாதத்துக்குள் பெட்டியை மாற்றவேண்டும் என்றார் டொக்டர்.

மாற்றுவதென்றால் அதே இடத்தில் மறுபடி கத்தி. முதல்முறை காயம் சீழ்பிடித்து நான் பட்டது போதும். பத்திரிகையில் வெட்டி வைத்திருந்த துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நெஞ்சின் அசைவிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடும் பெட்டியைச் செய்துபார்க்கிறார்களாம்.

"இது வரட்டும் பிள்ளை, பிறகு மாத்துவம்."

"இது இன்னும் ஆய்வுகூடத்திலதான் ஐயா. பன்றியளில வைச்சுப் பாக்கினம்."

"பன்றிக்குச் சரிவந்தால் எனக்கும் வரும்தானே?"

டொக்டர் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி அனுப்பிவிட்டார்.

எனக்கு அந்தச் செய்தியில் முதலில் சந்தேகமே வரவில்லை. பற்றரிக்குத் தடை இருந்த யுத்தகாலத்தில், தர்மபுரத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். மிதிகட்டையைக் கையால் சுற்றியவன் நான். ஆனால் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிப்போகும். கதிரையில் சாய்ந்திருந்த ஒரு பின்னேரம் அது நினைவுக்கு வரவும் மனம் குழம்பியது. என் பெட்டிக்கு வேலையே நெஞ்சு சோரும்போதுதான். நெஞ்சிடம் தீனி வாங்கும் பெட்டி அந்த நேரம் யாரிடம் வாங்கும்? சேமித்து வைக்குமென்றால், எவ்வளவு நேரத்துக்கு? துண்டில் அது இல்லை.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் நாடியைப் பிடிச்சுக்கொண்டோ இருக்கிறியள்?"

"அறுபது."

"ஆர் கேட்டது? பெட்டி மாத்தத் திகதி கேட்டியளோ?"

"புதுசு வருமாம். பொறுத்துப் பாப்பம்."

"சிறுபோகக் கூட்டத்தில, குளத்தில கிடக்கிற தண்ணிக்குத்தான் விதைக்கலாம் எண்டு எத்தினை சனத்தோட சண்டை பிடிச்சனீங்கள்! மழை வரும் எண்டவையை எல்லாம் ஏசினீங்கள். இப்ப நீங்கள் எந்த மழையைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

நீர்ப்பாசன அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும், சிறுபோகம் என்ற கோடை விதைப்பு வரும்போதெல்லாம் நான் அப்படித்தான் நின்றேன். குளத்து அளவுகோலைப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான், அதற்கு மேல் அரை ஏக்கரும் இல்லை என்பேன். கெஞ்சியவர்களும் உண்டு. ஏசியவர்களும் உண்டு. விட்டுக்கொடுத்ததில்லை.

கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை பெட்டி மாற்ற வரச்சொல்லிவிட்டு, போனை டொக்டரிடம் கொடுத்தார்கள்.

"புதுப்பெட்டி எத்தினை வருசம் ஓடும் பிள்ளை?"

"எட்டு, பத்து ஓடும் ஐயா."

என் வயது எழுபத்தாறும் அந்தப் பத்தும் எண்பத்தாறு. "காயம் சீழ்பிடிக்காதோ?"

"கவனமாப் பாப்பம். பிடிக்காது எண்டு சத்தியம் பண்ணேலாது."

அந்தப் பதில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திகதியை மாற்றச் சொல்லவில்லை.

மனைவி அதற்குள் அலுமாரியைத் திறந்துவிட்டார்.

"கையை உயர்த்தக் கூடாதெண்டு சொல்லுவினம். முன்னால பொத்தான் வைச்ச சேட்டு எத்தினை கிடக்கு?"

"நாலு. ஒண்டில ரெண்டு பொத்தான் இல்லை."

"அதைத் தாங்கோ, தைச்சு வைக்கிறன்."