நான் தொட்ட சென்சர்

கல்லும் மண்ணும் அள்ளும் லோடர் எந்திரத்தின் கியர்பெட்டியில், பக்கவாட்டில், விரல் நீளத்துக்கு ஒரு சென்சர் இருக்கும். உள்ளே சுழலும் சக்கரத்தின் பற்களை அது எண்ணும். அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்திரம் தன் வேகத்தை அறிந்து கியரை மாற்றுகிறது. எங்களிடமிருந்த லோடரில் அதைப் பொருத்துவது எளிது. முனை பல்லில் தொடும்வரை கையால் திருக வேண்டும், பிறகு அரைச் சுற்று பின்னால் எடுத்து லொக் நட்டை இறுக்க வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் போனால் சிக்னல் பலவீனமாகும். எந்திரம் மெதுவாகப் போகும்போது அறவே வராது. தொழில்நுட்பக் கல்லூரியில் இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான்.

பூண்டுலோயாப் பக்கம் வீதியை அகலப்படுத்திக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரரின் வேலைத்தளம் வட்டகொடைக்கு மேலே இருந்தது. பழுதான எந்திரங்களில் கணினியை மாட்டி, கோளாறு எங்கே என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அங்கே நான் ஒருத்திதான் பெண். அதனாலோ என்னவோ, யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்வேன்.

ஆயுத பூசை அன்றும் அப்படித்தான். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் மூடியிருந்ததால் இரண்டு வயது நிரம்பாத மகளைக் கூடவே கூட்டிவந்திருந்தேன். எந்திரங்களை எல்லாம் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெளியே கழுவினால் போதுமா, சென்சர் முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளையும் துடைத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றியது. லோடரின் சென்சரைக் கழற்றித் துடைத்தேன். திரும்பப் பூட்டும்போது மகள் குங்குமக் கிண்ணத்தில் கைவிட்டு வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் அவள் வாயைத் துடைத்தபடி மறு கையால் திருகினேன். பூசாரி வேறு அவசரப்படுத்தினார். எத்தனை சுற்று பின்னால் எடுத்தேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்காது.

சில நாள் கழித்து அந்த லோடரை ஓட்டும் அண்ணன் வந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வருகிறவர். பத்து வருடமாக எந்திரம் ஓட்டுகிறார்.

"தங்கச்சி, எறக்கத்துல மெதுவா வாறப்ப கியரு விட்டு விட்டுப் புடிக்குது. பக்கெட்டு நெறைய கல்ல வச்சுக்கிட்டு வாறேன், எங்க கொண்டுபோய் விடுமோன்னு இருக்குதுங்க."

கணினி, வேகக் கணக்கு கியரோடு ஒத்துவரவில்லை என்று காட்டியது. சென்சரின் மின்தடையை அளந்தேன், சரியாக இருந்தது. வயரை நீளத்துக்கும் அசைத்துப் பார்த்தேன். கனெக்டரைத் திறந்து பார்த்தேன், ஈரம் இல்லை. மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று, சென்சருக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. மற்றது, டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஓட்டுவது. அதுவும் கணினியில் இதே தடத்தை விடும்.

அந்த நேரத்தில்தான் பிள்ளைமடுவத்திலிருந்து அழைப்பு வந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்று. அந்த அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் லொக் நட்டைத் தளர்த்திப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மற்றவர்கள் தொட்டதை எல்லாம் சோதித்தேன். நான் தொட்டது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். 'நியூட்ரலில் விட்டு ஓட்டியிருக்கலாம்' என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு ஓடினேன்.

காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதை, தோட்டத்து வழக்கப்படி, நாங்கள் பெரட்டு என்றே சொல்வோம். மறுநாள் பெரட்டில் வேலைத்தளத்துக்குப் பொறுப்பான எங்கள் சிங்கள மாத்தயா என் அறிக்கையை எடுத்துச் சொன்னார். நான் சந்தேகமாக எழுதியது அவர் வாயில் முடிவாகிவிட்டது. நான் திருத்தவில்லை.

"நான் நியூட்ரல்ல விடலீங்க மாத்தயா" என்றார் அண்ணன். அதையே சிங்களத்திலும் சொன்னார்.

"மிச்சம் புடிச்ச டீசல்ல வீட்டுல வெளக்கு எரியுதாண்ணே?" என்று வெல்டிங் வேலை செய்கிறவர் பின்னாலிருந்து கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

லோடரை வலப்பனைக்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அண்ணனுக்கு வீதி வளைவில் வாகனங்களை நிறுத்தும் பலகை கிடைத்தது. மாதக் கடைசிவரை பார்ப்பதாகவும் பிறகு வேறு இடம் தேடிக்கொள்ளலாம் என்றும் மாத்தயா சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் விட்ட மகளோடு பஸ்ஸில் வந்தேன். வளைவில் பலகையோடு அவர் நின்றார். பஸ்ஸில் அவருடைய தோட்டத்து ஆட்கள்.

"என்னாப்பா, மெஷின விட்டுட்டுப் பலகையப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"புரமோஷன்! இப்ப பஸ்ஸே நம்ம பேச்சக் கேக்குது, பாத்தியா?"

பஸ் சிரித்தது. அவர் ஜன்னல் வழியாக என் மகளைப் பார்த்துக் கையாட்டினார். மகளும் ஆட்டினாள். நான் குனிந்து, ஏற்கெனவே பூட்டியிருந்த அவள் சுவெட்டர் பொத்தானைக் கழற்றி மறுபடி பூட்டினேன்.

அந்த வாரமே வலப்பனைக்காரர் வந்து அதே இறக்கம், அதே குலுக்கல் என்றார். இந்த முறை யாரையும் கூப்பிடாமல் லோடருக்கடியில் போனேன். லொக் நட்டைத் தளர்த்தி, எண்ணிக்கொண்டே உள்ளே திருகினேன். அரை. ஒன்று. ஒன்றரையில்தான் முனை பல்லில் தொட்டது. ஒரு முழுச் சுற்று கூடுதல். அந்த எந்திரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

சென்சர் பழுது என்று எழுதிப் புதியது ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். அவர் மேலிருந்த பழியும் போயிருக்கும், என் பெயரும் வந்திருக்காது. அப்படி ஒரு கடிதம் பாதிவரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. மாத்தயாவின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைச் சொன்னேன். கோபப்பட்டார். பிறகு, நாளைக்கே அவரை லோடரில் ஏற்றிவிடலாம், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். என் நெஞ்சு லேசானது. அவ்வளவு சீக்கிரம் லேசானதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நேரே வளைவுக்கு நடந்து, சென்சரைத் தவறாகப் பூட்டியது நான்தான் என்று சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே பலகையைத் திருப்பி ஒரு லொறியைப் போகவிட்டார்.

"பாப்பாவுக்கு இப்ப பரவாயில்லீங்களா?"

"பரவாயில்லண்ணே. நான் மாத்தயாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். நாளைக்கு நீங்க லோடர்ல ஏறலாம்."

"எங்க வச்சுச் சொன்னீங்க?"

"ஆபிஸ்ல."

அவர் லொறி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னயப் பெரட்டுல வச்சுல்ல சொன்னாங்க, தங்கச்சி" என்றார்.

அன்றைக்கு முழுக்க, பெரட்டில் சொல்லாமல் இருக்க என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் தேடினேன். சின்னப் பிள்ளைக்காரி, வேலை போனால் என்ன செய்வேன் என்பதுதான் அவற்றில் பெரியது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது கொஞ்சம் தாமதித்தே நினைவுக்கு வந்தது.

மறுநாள் பெரட்டில் கையைத் தூக்கிச் சொன்னேன். லோடரின் கோளாறு நான் வைத்த கோளாறு, அண்ணன் நியூட்ரலில் ஓட்டவில்லை, சோதிக்காமல் எழுதியது நான். தமிழில் சொன்னேன், பிறகு சிங்களத்திலும் சொன்னேன். மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப டீசல் வெளக்கு அணைஞ்சிருச்சாண்ணே?" என்றார் வெல்டிங்காரர்.

"மொத ஒன் வாய அணைடா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் என் பக்கம் திரும்பாமலே போய் லோடரில் ஏறினார்.

இப்போதும் அவர்தான் அதை ஓட்டுகிறார். நான் அதில் எந்த வேலை செய்தாலும் முடியும்வரை பக்கத்தில் நிற்கிறார். "எண்ணிப் பாத்துட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்கிறார். அவர் குரலில் குத்தல் இல்லை. இருக்கிறதோ என்று நான்தான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன். "இன்னொரு தடவ பாத்துர்றேண்ணே" என்று சொல்லி, இறுக்கிய நட்டை மறுபடியும் தளர்த்துகிறேன்.