ஜெசிந்தா அக்காவின் கிட்டாரும் என் ரப்பர் பேண்டும்

ஜெசிந்தா அக்கா போய்விட்டார்.

மத்தியானம் அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் ஏற்காட்டுப் பக்கம் மஞ்சக்குட்டையிலிருந்து போன் செய்தார். "உங்கக்கா தூக்கத்துலயே போயிட்டாளுங்க அம்மணி…" அதோடு போனை வைத்துவிட்டார்.

என் நண்பர்கள் பலருக்கு அக்காவைத் தெரியாது. படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில். தொண்ணூறுகளின் கடைசி. அடுத்த மேஜையில் டைப்பிஸ்ட் ஜெசிந்தா அக்கா.

வாரத்தில் ஆறு நாள் டைப். ஞாயிறு காலை கோயில் பாடற்குழுவில் கிட்டார்.

அதுவும் எல்லோரும் வாசிக்கிற மாதிரி சரசரவென்று கம்பிகளை வாரி அடிப்பதல்ல. அண்ணன் யாரிடமோ வாங்கி வந்த அமெரிக்கக் கன்ட்ரி மியூசிக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுப் பிடித்துக்கொண்ட வாசிப்பு. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி நடக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டைக் கிள்ளி எடுக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும்.

ஒரு மழைக்காலத்தில், காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கும் பல்ப்பர் ஷெட் பக்கம் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு டைப் அடிக்க முடிந்தது. கிட்டார் கம்பியை அழுத்த முடியவில்லை. பழைய மரக் கிட்டார்… கம்பியெல்லாம் தடிமன்.

ஃபாதர் நல்ல மனதோடுதான் கையில் தட்டுகிற டேம்பரின் ஒன்றைக் கொடுத்தார். "தட்டறதுக்கு எங்க ஊட்டுலயே அண்டா இருக்குதுங்க ஃபாதர்" என்று அக்கா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் ஆபீஸில் சிரிப்பு இல்லை. "எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்பி நொம்ப மெல்லிசாமா கண்ணு. அதுலயும் முடியலைன்னா விட்டுருவேன். சனிக்கிழமை கூட வர்றியா?"

சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. கண்ணாடிக்குள் கொம்பு வைத்த சிவப்புக் கிட்டார் ஒன்று பளபளத்தது. நான் அதையே காட்டினேன்.

அக்கா வாங்கி மடியில் வைத்தார். "பாக்க மாப்பிள்ளையாட்டந்தான் இருக்குது. ஆனா கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குதே கண்ணு. என் வெரலு எங்க போவும்?"

அடுத்து மூலையில் கிடந்த, வார்னிஷ் உரிந்த பழுப்புக் கிட்டார். ஏதோ ஓட்டல் பேண்டில் இருந்து வந்ததாம். கம்பிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. சும்மா தொட்டாலே கம்பி அமுங்கியது.

கடைக்காரர் ஆம்ப்ளிஃபயர் ஒயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கரண்டு அப்புறமுங்க. மொதல்ல அதும்பட குரலைக் கேட்டுக்கறேன்" என்று அக்கா மரத்தின் மேல் காதை வைத்துக்கொண்டார். கட்டைவிரலை மட்டும் நடக்கவிட்டார். நடந்துகொண்டே இருந்தது…

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கக்கா, மத்த வெரலுக்கெல்லாம் லீவுங்களா?"

"அவிங்க பின்னாடி பஸ்ஸுல வர்றாங்க."

வந்தார்கள். கடையில் வேறு பொருள் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாட்டின் நடுவே ஓர் இடம். இடது ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் குறுக்கே சேர்த்து அழுத்த வேண்டும். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. 'டப்' என்று செத்த சத்தம்.

மறுபடி. மறுபடியும் டப்.

கடைக்காரர் மெதுவாக ஒரு கீபோர்டை இந்தப் பக்கம் நகர்த்தினார். "இது பட்டனைத் தொட்டாப் போதுமுங்க."

அக்கா கிட்டாரை முந்தானையால் துடைத்துத் திருப்பி நீட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதியில் கை நின்றது. "கண்ணு, உன் பையில ஆபீஸ் பென்சில் கிடக்குமே… எடு. திரும்பு. சடை ரப்பர் பேண்டைக் கழட்டு."

நான் திரும்புவதற்குள் அவரே கழற்றிவிட்டார்.

கிட்டாரின் கழுத்தில், கம்பிகளுக்குக் குறுக்கே பென்சிலைப் படுக்க வைத்து, பின்பக்கமாக ரப்பர் பேண்டை இழுத்து இரண்டு முனையிலும் மாட்டினார். அழுத்துகிற வேலை பென்சிலுக்கு. மிச்ச விரல்களுக்குச் சுலபமான பிடிகள் மட்டும்.

அதே பாட்டு. அதே இடம். டப் வரவில்லை.

"இப்பக் கரண்டு குடுங்க" என்றார் அக்கா.

தலையை விரித்துப் போட்டுக்கொண்டுதான் அன்று மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் காற்று வேறு. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமலே நின்றார். "என்னங்க அம்மணி, சாமி கீமி வந்துருச்சுங்களா?" மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தண்ணீர் சிரிப்பால் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் மைக்செட்டிலேயே ஒயரைச் சொருகினோம். முதலில் 'கொர்ர்ர்'. பிறகு அக்காவின் கட்டைவிரல் நடக்க ஆரம்பித்தது…

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வாசித்தாராம்.

ராத்திரி நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். நாளை அடக்கப் பூசைக்குப் பாடற்குழுப் பெண் ஒருத்தி அந்தக் கிட்டாரைத்தான் வாசிக்கப் போகிறாளாம். "காலையில இருந்து கேக்குறாளுங்க. பாட்டெல்லாம் வந்துருச்சாம். அந்தப் பென்சிலைத்தான் காணோமுங்க."

"நான் கொண்டாரேனுங்கண்ணா."

இப்போது நான் இருக்கும் ஈரோட்டிலிருந்து காலை முதல் பஸ். பென்சில் பையில் இருக்கிறது. ரப்பர் பேண்ட் சடையில்.

வர்றேனுங்கக்கா…